இருப்பில் இல்லாதது

ஜன்னல் எண் மூன்றில்
சீட்டைத் தள்ளினார் தீர்த்தகிரி.
இந்த வருசத்தில் பதினான்காவது முறை.
நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் இல்லை.
இ.சி.ஜி.யில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பெனாசிர் டாக்டரின் கிறுக்கல்
எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
அம்லோடிபின் ஐந்து, இரவு ஒன்று. சரி.
அதற்குக் கீழே:
மூக்கனேரி. சனி, காலை ஆறு மணி.
பறவை எண்ணும் குழு. எட்டு வாரம்.

பழக்க தோஷம்,
அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.
இருமல் டானிக்குக்கும்
பூச்சி மாத்திரைக்கும் நடுவில்
இருக்குமோ என்னவோ.

"ஊசி இல்லீங்களா?"
இல்லை.
"ஒரு குளுக்கோஸ்?"
இல்லை.
"கொக்கு எண்ணச் சொல்றாங்களா?
எனக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு
முடிவே பண்ணிட்டாங்களா?"
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன், மறைப்பானேன்.
அப்புறம் மனசு கேட்காமல்
பி-காம்ப்ளெக்ஸ் பத்து
சேர்த்து மடித்துக் கொடுத்தேன்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே
பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பாள் லூர்து மேரி.
மேசையில் ஸ்டெதாஸ்கோப் கிடையாது,
ஒரு குயர் நோட்டு மட்டும்.
என்ன பண்ணுது என்று கேட்கமாட்டாள்.
நாள் எப்படிப் போகுது என்பாள்.
அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்:
செவ்வாய்ப்பேட்டை லாரி புக்கிங் ஆபீசில்
முப்பத்தோரு வருசம்.
மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போன மனைவி
பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்தும் திரும்பவில்லை.
சண்டையெல்லாம் இல்லை.
வீட்டில் டிவி பேசும்.
சில ராத்திரி
இவர் அதற்குப் பதில் சொல்வார்.

முதல் சனி போகவில்லை.
இரண்டாவது சனி கரைவரை போய்
பைனாகுலர் பிள்ளைகளைப் பார்த்துக் கூச்சப்பட்டு
டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.
மூன்றாவது சனி
அதே டவுன் பஸ்ஸில் ஏறினாள் லூர்து.
அன்று அவளுக்கு லீவு.

யாரோ அவர் கையில் நோட்டைத் திணித்தார்களாம்,
வேகமாக எழுத ஆள் வேண்டுமென்று.
லோடு எழுதின கை.
கட்டம் போட்டது.
நாமக்கோழி நூற்றுப்பதினேழு.
முக்குளிப்பான் ஒன்பது.
நத்தைகுத்தி நாரை நான்கு.
ஓரத்தில், யாரும் கேட்காமலே,
இன்னொரு கட்டம்:
சந்தேகம், இரண்டு.

குணமாகிவிட்டார் என்று எழுத
எனக்கு அதிகாரமில்லை.
பிரஷர் இன்னும் நூற்றைம்பதில் நிற்கிறது.
ஆறாவது வாரம் மழை பெய்து
எண்ணிக்கை நின்றபோது
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.
இதே சீட்டை வாங்கிப்போன சிவகாமசுந்தரி
ஒரே நாளில் திரும்பிவிட்டாள்.
கொசு, என்றாள்.
அவளுக்கு வேறொன்று
தேடிக்கொண்டிருக்கிறாள் லூர்து.

தணிக்கைக்கு வந்தவர்
பதிவேட்டில் விரல் வைத்தார்.
வழங்கியது: சனிக்கிழமை, எட்டு.
கொள்முதல் எங்கே?
இருப்பு எவ்வளவு?
தெரியாது சார், என்றேன்.
வெளியிலிருந்து வருகிறது.
சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போனார்.

எட்டு வாரம் முடிந்து
ஒன்பதாவது வாரமும் போனாராம், சீட்டில்லாமல்.
மாத்திரை வாங்க வந்தவர்
பொட்டலத்தைப் பையில் போட்டும் நகரவில்லை.
"உங்க தண்ணித் தொட்டி மேல
தெனமும் வந்து உக்காருதே,
அது என்னன்னு நெனைச்சீங்க?"
காக்கா, என்றேன்.
பின்னால் நின்றவர் இருமினார்.
"காக்கா இல்லீங்க, நீர்க்காகம்.
றெக்கையக் காயப்போடுது."

ஒன்பது வருசமாக
அந்தத் தொட்டி என் ஜன்னலுக்கு எதிரில்.
கம்பியில் கன்னம் பட எட்டிப் பார்த்தேன்.
நனைந்த இரண்டு கறுப்புக் கைகளை விரித்து
வெயிலுக்கு முன்னால் அசையாமல் நின்றது,
சட்டையைக் கழற்றச் சொன்ன நோயாளி போல.

வரிசை காத்திருந்தது.
சாம்பிள் அட்டையின் பின்புறம்
எழுதினேன்:
நீர்க்காகம், ஒன்று.
சந்தேகம், இல்லை.